அறிவுத்திறன் 61 என்று எழுதப்பட்ட சிறுவன்: ஒரு மறுமதிப்பீட்டின் நிகழ்வு ஆய்வு

பெற்றோரின் எழுத்துப்பூர்வமான இசைவுடன் இந்த ஆய்வு பதிவு செய்யப்படுகிறது. சிறுவனையோ அவன் படிக்கும் பள்ளியையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. சோதனைகளில் உள்ள கேள்விகளை வெளியில் எழுதுவது முறையன்று என்பதால், கேள்விகளைத் தராமல் சிறுவன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதை மட்டும் விவரித்திருக்கிறேன்.

பின்னணி

2023 ஜூலையில், ஒன்பது வயதும் இரண்டு மாதமும் நிறைந்த, நான்காம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயும் அம்மிச்சியும் (தாயின் தாய்) என்னிடம் அழைத்து வந்தார்கள். பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தில், தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டில் அவர்கள் குடியிருக்கிறார்கள். தந்தை அந்தக் குடோனில் கூலிக்குத் தறி ஓட்டுபவர். தாய் அதே இடத்தில் தார் சுற்றுகிறார்; அதாவது ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றுகிறார்.

சிறுவன் முதல் வகுப்பில் சேர வேண்டிய 2020 ஜூனில் பள்ளிகள் மூடியிருந்தன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஆகவே அவன் வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பின் பாதி கழிந்திருந்தது; எதிரில் நின்ற ஆசிரியரின் வாய் முகக்கவசத்துக்குள் இருந்தது. இந்த இரண்டாவது செய்தி எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூன்றாம் வகுப்பில், அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சிகள் தொடங்கியபோது, உடன் படித்தவர்கள் ஓரளவு எழுத்துக் கூட்டத் தொடங்க, இவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் சில வேளை திரும்புவான், சில வேளை திரும்பமாட்டான். நாளடைவில் அவனைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

என்னிடம் அனுப்பியவர் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர். வாயால் சொல்லும் கணக்கில் எதுவும் போடாத சிறுவன், அதே கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினால் தயங்காமல் போட்டுவிடுகிறான் என்பதை அவர் கவனித்து, ஏற்கெனவே இருந்த அறிக்கையின்மீது சந்தேகம் கொண்டிருக்கிறார். இந்த நிகழ்வில் சரியான கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான்.

முந்தைய அறிக்கை

2022 அக்டோபரில், எட்டு வயதில், ஒரு முகாமில் அவனைச் சோதித்திருக்கிறார்கள். ஒன்றரைப் பக்க அறிக்கை. பினே–காமத் சோதனையில் அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.; சராசரி 100) 61. வைன்லேண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலில் சமூக ஈவு 64. முடிவு, ‘லேசான அறிவுசார் குறைபாடு’. சமூக ஈவு 55 முதல் 69 வரை இருந்தால் 50 சதவீதக் குறைபாடு என்பது 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின் கணக்கு. அதன்படி 50 சதவீதச் சான்றிதழும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் கிடைத்திருந்தன.

பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட்டனவா என்று அந்த அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. எவ்வளவு நேரம் ஆனது, அறை எப்படி இருந்தது, சிறுவன் ஒத்துழைத்தானா என்பதும் இல்லை. தாயின் நினைவில் எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் இருக்கும்; சோதித்தவர் முகக்கவசம் அணிந்திருந்தார்; அடுத்த மேசையில் வேறு பிள்ளைகளையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பினே–காமத் சோதனை வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்தியது. அதன் பெரும்பகுதி வாயால் கேட்டு வாயால் பதில் பெறுவது; சொல்வதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் பகுதிகளும் உண்டு. காது சரியாக இல்லாத பிள்ளைக்கு அந்தச் சோதனையில் தொடக்கத்திலேயே வாசல் அடைத்துவிடும்.

சமூக ஈவு குறைந்ததற்கும் காரணம் இருந்தது. வைன்லேண்டு அளவுகோலில் பிள்ளையைச் சோதிப்பதில்லை; அவனை அறிந்தவரைக் கேட்டுப் பதிவு செய்கிறோம். “தனியாகக் கடைக்குப் போவானா?” என்று கேட்டால் “போக மாட்டானுங்க” என்று தாய் சொல்லியிருப்பார். லாரிகள் ஓயாமல் போகும் சாலையைத் தாண்டிக் கடைக்கு அனுப்ப அவருக்கே மனமில்லை என்பது அடுத்த கேள்வி கேட்டால்தான் தெரியும்.

முதல் அமர்வும் என் தவறும்

என் சேர்க்கைப் படிவத்தில் அப்போது ‘கேட்டல்: இயல்பு / குறை’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. தாயிடம் கேட்டேன். “காதெல்லாம் நல்லாக் கேக்குமுங்க. தறி ஓடறப்பக் கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாப்பானுங்க” என்றார். ‘இயல்பு’ என்பதில் குறியிட்டுவிட்டு மேலே போனேன். தறிக்குடோனின் இரைச்சலில் ஒரு பிள்ளைக்குக் கேட்கிறது என்றால் அது எப்படி என்று அந்த நிமிடமே நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியக் குழந்தைகளுக்காகத் தழுவி அமைத்த அறிவுத்திறன் அளவுகோலை எடுத்தேன். அதில் சொல்வழிப் பகுதிகள் ஆறு, செயல்வழிப் பகுதிகள் ஐந்து. முதல் நாள் சொல்வழிப் பகுதிகளை மட்டும் நடத்தினேன். அவனுடைய பதில்களில் பாதி, நான் கேட்ட கேள்விக்கு உரியவையாக இல்லை. இடையில் அவனைச் சற்று இளைப்பாற வைக்கப் பேச்சுக் கொடுத்து, “காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பே, கண்ணு?” என்று கேட்டேன். “மூணு பேருங்க” என்றான். ‘எத்தனை’ என்ற முதல் சொல் மட்டும் காதில் விழ, மீதியை அவன் ஊகித்துக்கொண்டான் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. அன்றைய என் குறிப்பில் ‘கவனச் சிதறல்’ என்று எழுதியிருக்கிறேன். எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியில் ‘ஒண்ணு’ வரவேண்டிய இடத்தில் ‘மூணு’ என்று மூன்று முறை சொன்னான். அதையும் நினைவாற்றல் குறைவு என்றே எடுத்துக்கொண்டேன்.

சொல்வழி ஈவு 68 வந்தது. அன்றோடு நிறுத்தியிருந்தால், முந்தைய அறிக்கையை உறுதிசெய்யும் இன்னொரு அறிக்கையை நானே எழுதியிருப்பேன்.

இரண்டாம் அமர்வில் கண்டவை

ஒரு வாரம் கழித்துச் செயல்வழிப் பகுதிகளைத் தொடங்கினேன். இவற்றில் செய்முறையைக் கையால் காட்டிவிடுவதால் பேச்சுக்கு வேலை குறைவு. கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கும் பகுதியில், அட்டையை ஒரு முறை பார்த்தான். மூலைக் கட்டையிலிருந்து தொடங்கி, பொருந்தாததைத் தானே கண்டு திருப்பிப் போட்டான். முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவன் பார்வை கட்டையிலோ என் முகத்திலோ இருந்ததே தவிர, வேறெங்கும் போகவில்லை. சென்ற வாரம் நான் எழுதிய ‘கவனச் சிதறல்’ அங்கே மருந்துக்கும் இல்லை.

பதிவுத்தாளில் நேரத்தைக் குறிக்கக் குனிந்தபடியே, “அடுத்த அட்டையை எடு, கண்ணு” என்றேன். அவன் அசையவில்லை. நிமிர்ந்து அதே குரலில் சொன்னேன். உடனே எடுத்தான். வேண்டுமென்றே இன்னும் மூன்று முறை குனிந்துகொண்டு சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் காத்திருந்தான். பிறகு அவன் பின்னால் போய் நின்று, இரண்டு அடி தூரத்திலிருந்து, சாதாரணக் குரலில் பெயர் சொல்லி அழைத்தேன். தாய் திரும்பிப் பார்த்தார். அம்மிச்சியும் திரும்பிப் பார்த்தார். சிறுவன் கட்டைகளைப் பெட்டிக்குள் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

செயல்வழி ஈவு 98. சொற்களே தேவைப்படாத ரேவன் வண்ண வடிவச் சோதனையிலும் அவன் தன் வயதினரின் நடுநிலையை ஒட்டியே இருந்தான்.

எழுத்துச் சோதனையும் அதே திசையைக் காட்டியது. முதல் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தியைப் பார்த்து எழுதச் சொன்னபோது, கொம்பும் துணைக்காலும் இடம் மாறாமல், ‘கொ’, ‘கோ’ குழப்பமின்றி, அழகாகவே எழுதினான். அதே சொற்களைச் சொல்லச் சொல்ல எழுதியபோது ‘மரத்தில்’ என்பது ‘மரத்தி’ ஆயிற்று, ‘பாடம்’ ‘பாட’ ஆயிற்று. சொல்லின் கடைசியில் தாழ்ந்து ஒலிக்கும் ஒற்றுகள் விழுந்துவிட்டன. ‘ந’வும் ‘ம’வும் இடம் மாறின. எழுத்தை இனம் காண்பதிலேயே தடுமாறும் கற்றல் குறைபாட்டில் இவ்வளவு சுத்தமான நகல் எழுத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அவன் கேட்டதை எழுதியிருந்தான், கேட்டதுதான் குறைவு.

தறிக்குடோனில் ஒரு மாலை

செவித்திறன் சோதனைக்கு நாள் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன். எட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விசைத்தறிக் குடோனில் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் பாதிதான் விளங்கும். அங்கு யாரும் கத்துவதும் இல்லை. வாயைப் பெரிதாக அசைத்து, கையால் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். கோடியில் நின்ற தந்தை இரண்டு விரலை உயர்த்தி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்; தார்க்கூடைக்குப் பக்கத்தில் நின்ற சிறுவன், வெள்ளை நூல் தாரை விட்டுவிட்டுச் சாய நூல் தாராக இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவு இரைச்சலிலும் அவனுக்கு எல்லாம் ‘கேட்டது’. அந்த வீட்டின் பேச்சே கண்ணால் பார்க்கும் பேச்சாக இருந்ததால், பையனுக்குக் காது மந்தம் என்று சந்தேகிக்க அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. தாய் என்னிடம் பொய் சொல்லவில்லை; தாம் கண்டதைத்தான் சொன்னார்.

அந்த இரைச்சலுக்குள் பிள்ளை நிற்கவே கூடாது என்பதை அன்றே தந்தையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

செவித்திறன் சோதனை

ஆகஸ்ட் மாதம், இரண்டு செவிப்பறைகளிலும் ஓட்டை இருப்பதை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்டறிந்தார். சீழ் இல்லை, காய்ந்திருந்தது. கேட்கும் தொடக்க அளவு, அதாவது காதுக்கு எட்டும் மிகத் தாழ்ந்த ஒலி, வலக் காதில் 47 டெசிபல், இடக் காதில் 42 டெசிபல்; இந்த எண் கூடக் கூடக் கேட்டல் குறை அதிகம். எலும்பு வழிக் கேட்டல் இயல்பாக இருந்தது. ஆக உள்காதும் நரம்பும் நன்றாக உள்ளன, ஒலி உள்ளே போகும் வழியில்தான் தடை.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். திறந்தவெளிக் கணக்குப்படி தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் அது 48. செவித்திறன் சோதனையின் டெசிபல் அளவுகோல் இதிலிருந்து சற்று வேறானது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் கடைசி வரிசையில் அவனுக்கு எவ்வளவு எட்டியிருக்கும் என்பதை ஊகிக்க இது போதும்.

இரைச்சலில் அவனுக்கு நன்றாகக் கேட்கிறது என்று தாய் சொன்னதற்கு, கண்ணால் பார்க்கும் பேச்சைத் தவிர இன்னொரு விளக்கமும் உண்டு. ஒலி செல்லும் வழியில் தடையுள்ளவர்களுக்குப் பின்னணி இரைச்சலும் தாழ்ந்தே கேட்கும்; எதிரில் பேசுபவரோ இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்துவார். அதனால் அமைதியான அறையைவிட இரைச்சலில் பேச்சு தெளிவாக விளங்கும். பறை அடிக்கும்போது மட்டும் காது கேட்ட ஒரு பெண்ணைப் பற்றி 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்த நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது.

முடிவைச் சொன்னபோது, “சின்னதுல ரெண்டு காதுலயும் சீழு வடிஞ்சுதுங்க. நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊத்துனோம். அப்பறம் நின்னு போச்சுங்க” என்றார் அம்மிச்சி. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காது கேட்கிறதா என்று கேட்டேனே தவிர, சீழ் வடிந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாலின் அளவுகோலில் சொல்வழி ஈவையும் செயல்வழி ஈவையும் சராசரியாக்கி முழு ஈவைப் பெறுவது வழக்கம். 68-க்கும் 98-க்கும் சராசரி 83. அந்த எண்ணை நான் அறிக்கையில் எழுதவில்லை. 30 புள்ளி இடைவெளியுள்ள இரண்டு எண்களின் நடுவில் நிற்கும் 83, அந்தச் சிறுவனின் எந்தத் திறனையும் குறிப்பதில்லை. ஆனால் எழுதிவிட்டால் கோப்பில் அதுதான் நிலைத்திருக்கும். ‘செவித்திறன் குறைவால் சொல்வழி மதிப்பெண் செல்லத்தக்கதன்று, அறிவுசார் குறைபாட்டுக்குச் சான்று இல்லை’ என்று மட்டும் எழுதி, இரண்டு ஈவுகளையும் அவை பெறப்பட்ட சூழலோடு தனித்தனியே தந்தேன்.

‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் தடுமாற்றம்) என்று சான்றளித்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் சலுகைகள் கிடைக்குமே என்று பள்ளித் தரப்பில் கேட்டார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் கேட்டல் குறையால் வந்த பின்னடைவைக் கற்றல் குறைபாடு என்று எழுதினால், பழைய தவறான பெயரை எடுத்துவிட்டுப் புதிய தவறான பெயரை ஒட்டியதாகும். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் வாசிப்பில் முன்னேற்றம் இல்லையென்றால் அப்போது அந்தக் கேள்வியை எடுக்கலாம் என்று சொன்னேன்.

முதல் வரிசையில், சன்னலுக்கு முதுகு காட்டி, ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் விழும்படியான இடத்தில் அவனை உட்கார வைப்பது. பலகையைப் பார்த்து எழுதும்போது பேசாமல், திரும்பி நின்று பேசுவது. சொல்லும் கணக்கை எழுதியும் காட்டுவது என்று பள்ளியோடு ஒத்துக்கொண்டோம். வகுப்பாசிரியர் மறுநாளே இடத்தை மாற்றினார்.

உதவித்தொகை பற்றிய பேச்சு

தந்தை தனியாக ஒரு நாள் வந்தார். “அந்த ரெண்டாயிரம் நின்னு போகுமுங்களா?” என்று கேட்டார். போகும் என்றேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்குக் குறை இருந்தால்தான் கேட்டல் குறை என்ற வகைக்குள் வரலாம். இவனுடைய 47-உம் 42-உம் அதற்குள் வராது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பறையில் பின்தங்கிப்போகும் அளவுக்குக் குறை உண்டு, உதவி பெறும் அளவுக்கு இல்லை. வாரக்கூலியில் ஓடும் குடும்பத்துக்கு மாதம் 2,000 ரூபாய் சிறிய தொகையன்று. அவர் பேராசைப்பட்டுக் கேட்கவில்லை என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அறிக்கையைத் தாமதப்படுத்த முடியுமா என்ற எண்ணம் எனக்கே ஒரு கணம் வந்தது. தாமதித்தால் ‘அறிவுசார் குறைபாடு’ என்ற சொல் அவனோடு நடுநிலைப்பள்ளிக்கும் போகும். அதைத் தந்தையிடம் விளக்கினேன். நான்கு நாள் கழித்து, “எழுதிக் குடுத்துருங்க. பையன் பேர்ல அது வேண்டாமுங்க” என்றார். 2024 பிப்ரவரியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் புதிய அறிக்கையை அவரே கொடுத்தார், உதவித்தொகை நின்றது.

பின்தொடர்ந்தவை

2023 அக்டோபரில் காதுக்குப் பின்னால் அணியும் கருவி கிடைத்தது. வகுப்பில் அணிந்தான், விளையாட்டில் பையன்கள் கேலி செய்ததால் கழற்றி வைத்தான், தறிச் சத்தத்தையும் கருவி பெரிதாக்கியதால் வீட்டில் அணியவே இல்லை. வீட்டில் அவன் செய்தது சரியே. 2024 மே விடுமுறையில் வலக் காதுச் செவிப்பறைக்கு ஒட்டு அறுவை நடந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த அளவில் அந்தக் காது 24 டெசிபலுக்கு வந்திருந்தது.

2024 நவம்பரில் மீண்டும் சோதித்தேன். செயல்வழி ஈவு 101, சொல்வழி ஈவு 84, சமூக ஈவு 91. முன்பு ஒருமுறை பார்த்த சோதனை என்பதால் சற்றுக் கூடியிருக்க வாய்ப்புண்டு. ஆனால் 16 புள்ளி ஏற்றத்தை அது மட்டும் விளக்காது. சொல்வழியில் இன்னும் இருக்கும் பின்னடைவு உண்மையானது. சொற்கள் காதில் விழாத ஆண்டுகளில் சேராமல்போன சொற்களஞ்சியம், காது திறந்ததும் தானாக வந்துவிடுவதில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்த அவன் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தான். சொல்வதை எழுதும்போது ‘மரத்தில்’ முழுமையாக வந்தது.

இனி மாற்றிச் செய்பவை

செவித்திறன், பார்வை அறிக்கைகள் கைக்கு வராமல் இப்போது நான் எந்த அறிவுத்திறன் சோதனையையும் தொடங்குவதில்லை. காத்திருப்பு நீள்வதால் குடும்பங்கள் சலித்துக்கொள்வதை ஏற்கிறேன். படிவத்தின் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டேன். காதில் சீழ் வடிந்ததா, எண்ணெய் ஊற்றினீர்களா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா, வீட்டில் எவ்வளவு சத்தம் என்று கேட்கிறேன். தாயோடு பாட்டியையும் கேட்கிறேன். செயல்வழிப் பகுதிகளை முதலில் நடத்துகிறேன். முகம் பார்க்கும் பிள்ளையை அங்கேதான் முதலில் கவனிக்க முடிகிறது.

அறிக்கை எழுதும் முறையிலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். எந்த மொழியில், எந்த அறையில், எவ்வளவு நேரத்தில் சோதனை நடந்தது என்பதை ஈவுக்கு முன்னால் எழுதுகிறேன். படிப்பவர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுகிறார் என்பது என் அனுபவம்.

தற்போதைய நிலை

2025 ஜூனில் அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். இடக் காது அறுவைக்கு நாள் குறிக்கவில்லை. பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில் அவன் பெயருக்கு எதிரே ‘அறிவுசார் குறைபாடு’ என்ற குறிப்பு புதிய பள்ளிக்கும் கூடவே போயிருந்தது. சிறப்புப் பயிற்றுநர் இருமுறை எழுதிக் கொடுத்தபின் ஆகஸ்ட் மாதம் அது நீக்கப்பட்டது. அதற்கிடைப்பட்ட இரண்டு மாதமும் அவன் புதிய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். இப்போது இரண்டாம் வரிசையில், வலக் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வாசிப்பு மதிப்பீட்டை 2026 ஜனவரிக்கு வைத்திருக்கிறோம்.